தொட்டி வெடித்த மேடுகள்

மேட்டுப் பள்ளிக்கூடம்
ஏப்ரல் 14

அன்புத் தம்பி பாக்காரிக்கு அக்கா எஷாத்தி எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். இதை முதலிலேயே எழுதிவிட்டேன். மீதியை நீ நிதானமாக உட்கார்ந்து படி.

மலை வாய் திறந்துவிட்டது. வழக்கம்போல உச்சியில் இல்லை. விலாப் பக்கம், நம் ஊர் ஹம்வானிக்கு நேர் மேலே பிளந்துகொண்டது. நெருப்பு பாய்ந்து வந்தது என்று அங்கே வானொலியில் சொல்லியிருப்பார்கள். பாயவெல்லாம் இல்லை. கிழவர்கள் தொழுகைக்குப் போவது போல நடந்துதான் வந்தது. அதனால் அரிசி, பாய், ஆடுகள் எல்லாவற்றையும் மேலே கொண்டுபோக நேரம் கிடைத்தது. உம்மாவின் செதுக்குக் கதவைக்கூட நானும் ஸாலியாவும் கீலோடு கழற்றித் தூக்கி வந்தோம். பக்கத்து வீட்டு மரியாமு அந்த நேரத்திலும் சும்மா இருக்கவில்லை. "வீடே போகப்போகுது, கதவ வச்சுக்கிட்டு யாரடி வெளிய நிறுத்தப்போற?" என்று கேட்டாள். வெளியே நிறுத்த ஓர் ஆள் வருவான் என்று சொன்னேன்.

மழைக்காலம் முடிகிற நேரம் என்பதால் எல்லா வீட்டிலும் தண்ணீர்த் தொட்டி நிறைந்திருந்தது. நெருப்பு ஒவ்வொரு தொட்டியின் மேலும் ஏறியபோது பீரங்கி மாதிரி வெடித்தது. கல் தென்னை உயரத்துக்குப் பறந்தது. ஜின்கள் சண்டை போடுகின்றன என்று நம் ஹமாதி மாமா எல்லோரையும் ஓதச் சொன்னார். பிறகு நெருப்பு தென்னந்தோப்பை எரித்துவிட்டுக் கடலில் இறங்கியது. மீன்கள் வெந்து மிதந்தன. பசித்தவர்கள் எடுத்துத் தின்றார்கள், நானும் தின்றேன்.

வீடு போய்விட்டது, பாக்காரி. நீ அனுப்பிய தகரக் கூரை போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஸாலியாவின் கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தோம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேற வேண்டிய ஊரில், வீடில்லாத பெண்ணிடம் அவன் எங்கே வருவான்? என் மகள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் இருமல் எப்படி இருக்கிறது? குளிரில் மார்பை மூடிக்கொள்.

துஆவுடன்,
அக்கா

*

மார்செய்
மே 6

மரியாதைக்குரிய அக்காவுக்கு பாக்காரியின் ஸலாம். உங்கள் கடிதம் கைக்கு வரும்வரை நான் சோறு இறங்காமல் கிடந்தேன். அல்லாஹ் உங்களைக் காப்பாற்றினான். என் உடம்பு சுகம். இருமல் போய்விட்டது.

கடிதத்தைக் கப்பல் சமையல்கட்டில் வைத்துத்தான் படித்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் அழுததை யாரும் கவனிக்கவில்லை. நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் எங்கள் அறையில் கூடினோம். என்னோடு தங்கியிருக்கும் தோயிபு அடுத்த வாரம் ஊருக்கு வருகிறான். அவனிடம் போர்வையும் மருந்தும் கொடுத்தனுப்புகிறேன்.

நிலம் எப்படி இருக்கிறது? ஏதாவது மிச்சமா? எல்லாவற்றிலும் ஹமாதி மாமாவைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள். உம்மாவின் கூடப்பிறந்தவர், நமக்குக் கெடுதல் நினைக்கமாட்டார்.

ஸாலியாவிடம் மாமா முத்தம் சொன்னதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி
பாக்காரி

*

மேட்டுப் பள்ளிக்கூடம்
ஜூன் 2

தம்பிக்கு ஸலாம். உன் போர்வைகள் வந்தன. நாங்கள் சுகம், நீயும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

நிலம் எப்படி இருக்கிறது என்று கேட்டாய். கறுப்பாக இருக்கிறது. மேலே ஆறிவிட்டது, உள்ளே இன்னும் கொதிக்கிறது. மழை விழுந்தால் ஊர் முழுக்கப் புகைகிறது. செருப்புப் போட்டுக்கொண்டால் நடக்கலாம், நின்று யோசிக்க முடியாது. மரியாமு அதன்மேல் மீன் காயவைக்கிறாள். வெயிலைவிடச் சீக்கிரம் காய்கிறதாம்.

நிலத்தைவிட மாமாதான் சூடாக இருக்கிறார். நெருப்பு தொடாத மேட்டுத் தெருவில் பள்ளிவாசலும் மாமாவின் வீடும் தப்பின, அங்கே ஆண்கள் கூடும் கல்மேடையில் நேற்று ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள். நம் தீவில் வீடும் நிலமும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும் என்று முன்னோர் வைத்தது பழைய மண்ணுக்காம். இது புதிய பாறை. மலை கக்கியது. மலைக்குத் தாய் கிடையாது, அதனால் இதற்குத் தாய்வழியும் கிடையாது. ஆகவே பாறையைத் துண்டு போட்டு ஆண்கள் பெயரில் பிரிக்கப்போகிறார்களாம். பள்ளிக்கூடத்தில் கிடக்கும் பெண்களுக்கு மேலே காட்டோரத்தில் கூடாரம். அங்கே தொட்டியும் இல்லை. இந்தத் தீவில் ஆறு ஏது? பெய்கிற மழையைக் கல் குடித்துவிடும். தொட்டி இல்லாத பெண் பக்கத்து வீட்டில் கெஞ்ச வேண்டியதுதான்.

மாப்பிள்ளை நுர்தீனின் தாய் வந்தாள். நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். தேங்காய்ப்பாலில் வாழைக்காய் செய்து கொண்டுவந்தாள். போகும்போது, "என் மகன் எந்த வாசல்ல வந்து செருப்பக் கழட்டணும், சொல்லிடுங்க" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

உன்னிடம் ஒரே ஒரு கேள்வி. தோயிபு இங்கே வந்த அன்றே மாமாவின் வீட்டில் வெகுநேரம் இருந்தான். நீ மாமாவுக்கு ஏதாவது சொல்லியனுப்பினாயா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று போதும்.

துஆவுடன்,
அக்கா

*

மார்செய்
ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம். பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். கப்பல் வேலை அதிகம். நான் நலம்.

இங்கே வெயில் வந்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் கடற்கரையில் கருவாடு மாதிரி படுத்திருக்கிறார்கள். தோயிபு திரும்பி வந்ததும் பல்வலியில் துடித்தான். பல்லைப் பிடுங்குவதற்கு இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. என் கப்பலின் தலைமைச் சமையல்காரர் ஓய்வு பெறுகிறார். ஸாலியாவுக்கு ஒரு துணி வாங்கி வைத்திருக்கிறேன், நீலத்தில் மஞ்சள் பூ.

அக்கா, கோபப்படாமல் ஒன்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பாறையில் என்ன இருக்கிறது? வாழை வராது, மரவள்ளி வராது. நம் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் அதில் ஒரு புல் முளைக்கும். கல்லுக்காக மாமாவோடு ஏன் மனஸ்தாபம்? கூடாரத்தில் கொஞ்ச காலம் பொறுமையாக இருங்கள். அல்லாஹ் பொறுமையாளர்களோடு இருக்கிறான்.

உங்கள் தம்பி
பாக்காரி

*

மேட்டுப் பள்ளிக்கூடம்
ஆகஸ்ட் 8

தம்பிக்கு ஸலாம். நான் சுகம். தோயிபின் பல் போனது குறித்து வருந்துகிறேன். நான் ஒரு கேள்வி கேட்டேன், நீ எனக்குப் பல்லையும் துணியையும் அனுப்பியிருக்கிறாய்.

போகட்டும். உனக்கு ஒரு சேதி இருக்கிறது. நானும் மரியாமுவும் விறகுக்காக ஊருக்கு மேலே இருக்கும் பழைய எரிமலைக் குன்றில் ஏறினோம். அங்கிருந்து பார்த்தால் நம் ஊர் இருந்த இடம் கடல்வரை ஒரே கறுப்பு. ஆனால் சமமாக இல்லை. நடுநடுவே மேடுகள். ஆள் உயரத்துக்கு, சில அதற்கும் மேலே. உச்சியில் வாய் பிளந்து, கொப்புளம் உடைந்தது மாதிரி. முதலில் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தோம். மரியாமுதான் சொன்னாள், இது வரிசையாக இருக்கிறதே என்று.

வரிசைதான், பாக்காரி. பள்ளிவாசலிலிருந்து இறங்கும் தெரு ஒரு வரிசை, தோப்போரச் சந்து ஒரு வரிசை. தொட்டிகள் வெடித்ததை எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? நெருப்புக்கு அடியில் தண்ணீர் கொதித்து, ஆவியாகி, மேலே கிடந்த நெருப்புக் குழம்பைத் தூக்கி எறிந்து மேடு கட்டியிருக்கிறது. தொட்டி இருந்த இடத்தில் மட்டும்தான் மேடு. எந்த வீட்டில் தொட்டி இல்லை? எந்தத் தொட்டி பெண்ணுடையது இல்லை? மாமா மலைக்குத் தாய் இல்லை என்கிறார். அந்த மலை எங்கள் ஒவ்வொருத்தியின் வீட்டுக்கும் அடையாளம் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. சந்தின் கடைசியில் இருக்கும் பெரிய மேடு நம்முடையது. நம் உம்மா பெரிய தொட்டி கட்டினாள் என்று ஊரே கேலி செய்ததே, அது.

கீழே இறங்கி வந்து பெண்களிடம் சொன்னோம். அன்று பள்ளிக்கூடத்தில் யாரும் தூங்கவில்லை. ஆண்களுக்கோ அந்த மேடுகள் தொந்தரவு. அளவுக்கயிறு நேராகப் போகவில்லையாம். சுத்தியலால் உடைத்துச் சமன் செய்யப்போகிறார்களாம். நாளையிலிருந்து அவளவள் மேட்டில் அவளவள் போய் உட்காரப்போகிறோம். பாயும் குடையும் எடுத்து வைத்தாயிற்று.

என் கேள்வி இன்னும் அங்கேயே நிற்கிறது.

அக்கா

*

மார்செய்
ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம். உங்கள் உடல்நலத்துக்கு துஆ செய்கிறேன். நான் சுகம்.

நீங்கள் பாறை மேல் குடை பிடித்து உட்கார்ந்திருக்கும் கதை இங்கே வந்துவிட்டது. எங்கள் அறையில் சிரிக்கிறார்கள். எனக்குத் தலை குனிவாக இருக்கிறது. மாமா ஊருக்கே விருந்து வைத்துப் பெரிய கல்யாணம் முடித்து, அந்த மரியாதையில் சபையின் முன்வரிசையில் உட்காருகிறவர். அவர் சொன்ன சொல்லுக்கு எதிராக அவர் சகோதரி மகளே உட்கார்ந்தால் அவர் முகத்தை எங்கே வைப்பார்?

அவர் கெட்டவர் இல்லை. கடலைப் பார்த்த நல்ல இடமாகப் பார்த்துத்தான் நம் குடும்பத்துக்கு ஒதுக்கியிருக்கிறார். யார் பெயரில் இருந்தால் என்ன, குடும்பத்துக்குள்தானே இருக்கும்? தயவுசெய்து இறங்கிவிடுங்கள்.

உங்கள் தம்பி
பாக்காரி

*

ஹம்வானி
செப்டம்பர் 21

பாக்காரிக்கு ஸலாம். இந்தக் கடிதத்தைப் பள்ளிக்கூடத்திலிருந்து எழுதவில்லை. என் மேட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். கல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது, முட்டிவலிக்கு நல்லது.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து ஆண்கள் கல்மேடையில் கூடினார்கள். துண்டு துண்டாகப் பெயர் சொல்லி, பெயர் எழுதிய முளைக்குச்சிகளைக் கொடுக்கிற நாள். எந்தப் பெண்ணும் அங்கே கால் வைத்ததில்லை என்று உனக்குத் தெரியும். நான் வைத்தேன். பின்னால் மரியாமு, அவளுக்குப் பின்னால் மற்றவர்கள்.

மாமா குரலை உயர்த்தவில்லை. "எஷாத்தி, இது ஆம்பளைங்க உட்கார்ற இடம். வீட்டுக்குப் போம்மா" என்றார்.

"போறேன் மாமா. வீடு எங்கன்னு காட்டுங்க, போறேன்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. "உன் வீடு அடியில கிடக்கு. அத யாரும் எடுத்துக்கல. மேல கிடக்கிறது மலை கொண்டுவந்து போட்டது. அதுக்கு ஏது தாய்?" என்றார்.

நான் மேடையின் நடுவுக்கு வந்து கேட்டேன். "மேல வந்து படுத்தவனெல்லாம் சொந்தக்காரன்னா, இங்க உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு புருஷனும் இந்நேரம் பொண்டாட்டி வீட்டுக்குச் சொந்தக்காரனா ஆயிருக்கணும். யாராவது ஆயிட்டீங்களா?"

முதலில் சிரித்தது பள்ளிவாசல் உஸ்தாத்தான். பிறகு இருமலாக மாற்றிக்கொண்டார். "மலை நம்ம ஊருக்கு விருந்தாளியா வந்துச்சு மாமா. விருந்தாளி படுத்த இடம் விருந்தாளிக்குச் சொந்தமில்ல. இன்னிக்கு என் நிலத்தப் பிரிக்கிறீங்க. நாளைக்கு இன்னொரு பக்கம் மலை திறக்கும். அன்னிக்கு உங்க பொண்டாட்டியும் உங்க மகளும் கூடாரத்துல கிடப்பாங்க, பாத்துக்கங்க" என்றேன்.

அப்போது மாமா ஒரு குச்சியை எடுத்து எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தார். சிவப்புச் சாயத்தில் உன் பெயர். "உன் கூடப்பிறந்த தம்பியே ஒத்துக்கிட்டான். தோயிபுகிட்ட வாக்குச் சொல்லி அனுப்பிச்சிருக்கான். நீ யாருக்காகப் பேசற?" என்று கேட்டார்.

நான் திடுக்கிடவில்லை. கடலைப் பார்த்த இடம் என்று நீ எழுதியபோதே தெரிந்துவிட்டது. நீ பார்த்த வீட்டிலிருந்து கடல் தெரியாது. தென்னந்தோப்பு மறைத்துக்கொண்டிருந்தது. தோப்பு எரிந்த பிறகுதான் தெரிகிறது. கடல் தெரிவதையும் நமக்கு இடம் ஒதுக்கியதையும் நான் உனக்கு எழுதவே இல்லை, மாமாதான் சொல்லியனுப்பியிருக்க வேண்டும்.

"அவன் கொடுத்தது அவன்கிட்ட இல்லாதது மாமா. இல்லாதத யாரு வேணும்னாலும் கொடுக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

மறுநாள் மாமா உன் குச்சியை என் மேட்டின் அடியில் ஒரு வெடிப்பில் அடித்துவிட்டுப் போனார். ஸாலியா பார்த்துக்கொண்டு நின்றாள். "பாக்காரி மாமாவுக்கு இது வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே உம்மா" என்றாள். அப்போதுதான் அழுதாள், இவ்வளவு மாதத்தில் முதல் தடவையாக. நெருப்புக்கு அழாதவள்.

இனி நீ பதில் சொல்லும்வரை நான் எழுதமாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

எஷாத்தி

*

மார்செய்
நவம்பர் 11

அக்காவுக்கு ஸலாம். நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

ஆமாம். இதுதான் பதில். ஆமாம், சொல்லியனுப்பினேன்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். இந்தத் தீவில் ஓர் ஆணுக்குத் தலை வைக்க எது இடம்? மீசை அரும்பியதும் உம்மா என் பாயைச் சுருட்டிக் கையில் கொடுத்தாள். மற்ற பையன்களோடு ஓலைக் குடிசையில் போய்ப் படுத்தேன். எல்லாப் பையன்களும் அப்படித்தான், தெரியும். அப்புறம் கல்யாணம் செய்துகொண்டு பாத்திமாவின் வீட்டுக்குப் போனேன். அவள் வீட்டுச் சுவருக்கு நான் சுண்ணாம்பு அடித்தேன். அவளுக்கும் எனக்கும் சரிப்பட்டு வராமல் போனபோது என் பெட்டியை வாசலில் வைத்துவிட்டாள். சுவர் அவளுடையது, பெட்டி மட்டும் என்னுடையது. உங்கள் வீட்டுக்குக் கூரை அனுப்பினேன். அதுவும் என் கூரை இல்லை. இங்கே ஓர் அறையில் ஆறு பேர் படுக்கிறோம். நான் புரண்டு படுத்தால் தோயிபு திட்டுகிறான்.

தோயிபு ஊருக்குக் கிளம்பும் முன் என்னிடம் வந்து, யாருக்கும் சொந்தமில்லாத புது நிலம் வந்திருக்கிறது, உன் பெயரில் ஒரு துண்டு எழுதட்டுமா என்று மாமா சொல்லியனுப்பிக் கேட்கிறார் என்றான். என் பெயரில். அந்த வார்த்தையை என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் சொன்னதில்லை, அக்கா. நான் ஸாலியாவை நினைக்கவில்லை. நினைத்திருந்தால் ஆமாம் என்று சொல்லியிருக்க முடியாது, அதனால் நினைக்கவில்லை.

நீங்கள் எழுதாவிட்டாலும் நான் சுகம்தான்.

பாக்காரி

*

ஹம்வானி
டிசம்பர் 20

அன்புத் தம்பி பாக்காரிக்கு அக்கா எஷாத்தியின் ஸலாம். நீ சுகமில்லை என்று உன் கடிதமே சொல்கிறது. நாங்கள் சுகம்.

நீ எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இந்த வருடத்தில் நீ எழுதிய முதல் கடிதம் இதுதான் என்று வைத்துக்கொள்கிறேன். உன்மேல் கோபம் இருக்கிறது. பாவமாகவும் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன.

ஆனால் நானும் கேட்கிறேன். பாத்திமா பெட்டியை வாசலில் வைத்த அன்று அதைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கே நடந்தாய்? யோசிக்காமல் என் வாசலுக்குத்தானே வந்தாய்? எத்தனை நாள் இருப்பாய் என்று நான் கேட்டேனா? அக்கா பெயரில் வீடு இருந்ததால்தான் உனக்குப் போக ஒரு வாசல் இருந்தது. வீடு ஆண்கள் பெயரில் இருந்தால் பெட்டியை வெளியே வைப்பது அவர்கள். அன்றைக்கு பாத்திமா எங்கே போவாள்? அவள் அண்ணன் பொண்டாட்டியிடம் போய் நிற்க வேண்டும். நீ ஒரு துண்டு நிலம் கேட்டாய் என்று நினைக்கிறாய். எங்கள் எல்லோரையும் வாசலில் நிறுத்தக் கேட்டாய்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். குச்சி வாங்கிய ஆண்கள் பொண்டாட்டி தங்கியிருக்கும் இடத்துக்குப் போய்ப் பாயை விரிக்கப் பார்த்தார்கள். பலருடைய பாய் வெளியே கிடந்தது. மரியாமுவின் புருஷன் இரண்டு வாரம் பள்ளிவாசலில் படுத்தான். உஸ்தாத் பொறுக்கமாட்டாமல், படுக்க வருகிறவர்கள் பாதிராத்திரியில் தஹஜ்ஜுத் தொழவும் எழுந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்து குச்சியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். எல்லோரும் இல்லை. கீழ்ச் சந்தில் மூன்று குச்சி இன்னும் நிற்கிறது, அந்தப் பெண்கள் இன்னும் மேட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள், நாங்கள் சோறு கொண்டுபோகிறோம். மாமா என்னோடு பேசுவதில்லை. தெருவில் பார்த்தால் நான்தான் ஸலாம் சொல்கிறேன், அவர் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நம் மேட்டின் வாயை நானும் ஸாலியாவும் உளியால் பெரிதாக்கினோம். உள்ளே குடமாட்டம் வெற்றிடம். அடியில் சுண்ணாம்பு பூசிவிட்டால் அதுவே தொட்டி. மேலே ஓலைப்பந்தல் போட்டுக் கதவை நட்டுவிட்டோம். சுவர் இன்னும் இல்லை, கதவு மட்டும் நிற்கிறது. நுர்தீனின் தாய் வந்து பார்த்தாள். சுற்றிக்கொண்டு வரலாம், ஆனால் அவள் கதவைத் தட்டித்தான் உள்ளே வந்தாள். என் மகன் செருப்பைக் கழற்றும் இடம் தெரிந்துவிட்டது என்றாள்.

உன் பெயர் எழுதிய குச்சியை நான் பிடுங்கினேன். நல்ல காய்ந்த மரம். அதை அடுப்பில் வைத்து முதல் சோறு ஆக்கினேன். சாயம் கொஞ்சம் நாறியது, சோறு நன்றாக வெந்தது.

நீ வருவதானால் சிமெண்டு கொண்டுவா. கடல் பக்கம் ஓர் அறை போடலாம் என்று இருக்கிறோம். உனக்கு அது வேண்டுமென்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு எழுதாதே, வீடு இப்போது ஸாலியாவுடையது. அவளுக்குத் தாய்மாமன் நீதான், வேறு ஆள் கிடையாது. அவளிடம் கேள்.

துஆவுடன்,
அக்கா